எரிந்த வேலிக்கு எந்தப் பணம்? டெக்சஸ் மேய்ச்சல் பண்ணையாளர்முன் உள்ள வழிகள்

2024 பிப்ரவரி 26 அன்று, டெக்சஸ் மாநிலத்தின் வடகோடியில் உள்ள ஹட்சின்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) பற்றிய தீ, பலத்த காற்றோடு கிழக்கே ஓடி, ஏறத்தாழ மூன்று வாரங்களில் 10 லட்சத்து 58 ஆயிரம் ஏக்கரைக் கரியாக்கியது. ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ எனப் பெயர் பெற்ற அது, அம்மாநிலத்தில் பதிவான காட்டுத் தீக்களில் ஆகப் பெரியது. இருவர் உயிரிழந்தனர், மாண்ட மாடுகள் ஏழாயிரத்துக்கும் அதிகம் என்று கணக்கிடப்பட்டது. மிகுதியாக அடிபட்ட இடங்களுள் ஒன்று ஹெம்ப்ஹில் கவுண்டி. பரப்பில் 900 சதுர மைலைத் தாண்டும் அக்கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர்கள் 3,400 பேருக்கும் குறைவு. அதன் தலைமை ஊர் கனேடியன். வருமானம் பெரும்பாலும் புல்லிலிருந்தும் மாட்டிலிருந்தும், நிலத்தடியில் கிடைக்கும் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது.

மாட்டை இழந்தவருக்குக் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது; சந்தை மதிப்பில் 75 விழுக்காட்டை அது தருகிறது. அதை வாங்குவதா வேண்டாமா என்பதில் பெரிய யோசனைக்கு இடமில்லை. வேலி அப்படியல்ல. மைல் கணக்கில் எரிந்துபோன வேலியை அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டத்தின் உதவியோடு எழுப்புவதா, அரசின் பேரிடர்க் கடனை எடுப்பதா, தீக்குக் காரணமானவரிடம் இழப்பீடு கோரிவிட்டுக் காத்திருப்பதா, கைப்பணத்தையும் நன்கொடையையும் கொண்டு உடனே தொடங்கிவிடுவதா என்ற நான்கு வழிகளுள் ஒன்றை எடுத்தால், மற்றவற்றின் கதவு சில வேளைகளில் அடைபட்டுவிடும். அதனால்தான் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இ.சி.பி. என்று பண்ணையாளர்கள் சுருக்கமாகச் சொல்லும் அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டம், 1978ஆம் ஆண்டின் வேளாண் கடன் சட்டத்தின் நான்காம் தலைப்பின் கீழ் வந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை இதை நடத்துகிறது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலையும் மரக்கட்டையையும் அகற்றுவது, அரிக்கப்பட்ட வயலைச் சமன்படுத்துவது, நிலையான வேலியை மீட்பது, சேதமான மண் காப்பு அமைப்புகளைச் சீர்செய்வது, கடும் வறட்சியில் கால்நடைக்குத் தண்ணீர் கிடைக்கச் செய்வது ஆகியவை இதில் அடங்கும். அனுமதிக்கப்பட்ட செலவில் 75 விழுக்காடு வரை அரசு ஏற்கும். குறைந்த வசதி கொண்டோருக்கு 90 விழுக்காடு வரை. ஒருவருக்கு ஒரு பேரிடருக்கு 5 லட்சம் டாலர் என்பது உச்சவரம்பு. கிடைக்கும் தொகை நிலத்தின் வேளாண் மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. புல்வெளி விலை மலிவாக உள்ள இடங்களில் சிறிய துண்டு நிலத்தைச் சுற்றி நீண்ட வேலி வைத்திருப்பவர் இதைக் கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

75 விழுக்காடு என்ற எண்தான் பலரையும் முதலில் கவர்கிறது. உண்மையில் கைக்கு வருவது அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். இதிலுள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. எட்டு மைல் வேலி எரிந்திருக்கிறது. புதிதாகப் போட மைலுக்கு 15,000 டாலர் வீதம் 1,20,000 டாலர் ஆகிறது என்போம். அதில் 75 விழுக்காடு 90,000 டாலர். ஆனால் முகமை பார்ப்பது ஒப்பந்தக்காரரின் ரசீதை மட்டுமல்ல. அந்த வேலைக்கு அப்பகுதியில் இவ்வளவுதான் ஆகும் என்று முன்கூட்டியே வகுத்த விலையையும் பார்க்கிறது. அந்த விலை மைலுக்கு 12,000 டாலர் என்றால், எட்டு மைலுக்கு 96,000. அதில் 75 விழுக்காடு 72,000 டாலர். 1,20,000 செலவழித்தவருக்கு 72,000 வந்தால், அது 60 விழுக்காடுதான். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மைல் வேலிக்கு ஆளும் பொருளும் தேடும் ஊரில் கூலியும் கம்பியும் ஏறாமல் இருக்காது. வகுக்கப்பட்ட விலை அந்த ஏற்றத்தைப் பின்தொடர்வதற்குள் பாதி வேலி எழுந்துவிட்டிருக்கும். ஆகவே இத்திட்டத்தை மற்ற வழிகளோடு ஒப்பிடும்போது 75 என்று எழுதாமல் 60 என்று எழுதிப் பார்ப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

அடுத்த சிக்கல், பணம் எப்போது வருகிறது என்பது. வேலை முடிந்து, சரிபார்க்கப்பட்டு, ரசீது கொடுத்த பிறகுதான் உதவித் தொகை வரும். 2018 பண்ணைச் சட்டம் வேலிக்கு ஒரு சலுகையைத் தந்தது: வரவேண்டிய தொகையில் 25 விழுக்காடு வரை முன்பணமாக வாங்கலாம், 60 நாட்களுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கில் 90,000 டாலர் முழுதாகக் கிடைப்பதாக வைத்தாலும் முன்பணம் 22,500தான். மீதி 97,500 டாலரைப் பண்ணையாளரே முதலில் போட வேண்டும். அதை வங்கியில் 9 விழுக்காட்டுக்கு ஆறு மாதம் வாங்கினால் வட்டி மட்டும் ஏறத்தாழ 4,390 டாலர் ஆகும். இலவசப் பணத்துக்கும் இப்படி ஒரு விலை இருக்கிறது. அறுபது நாள் கெடுவும் அதனோடு சேர்ந்ததே, ஏனெனில் வேலி போடும் ஆட்கள் கிடைக்கும் தேதி உறுதியாகும் முன்பே முன்பணத்தை வாங்கிவிட்டவர் கம்பியை மட்டும் வாங்கிக் குவித்துவிட்டுக் காத்திருக்க நேரிடும்.

இத்திட்டத்துக்கு ஆண்டுதோறும் உறுதியான நிதி கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பேரிடருக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கும் துணை நிதியை நம்பியே அது ஓடுகிறது. 2024 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்க நிவாரணச் சட்டம் இதற்கு 82.8 கோடி டாலர் ஒதுக்கியது. நிதி இருக்கும்போது விண்ணப்பம் நகரும். இல்லாதபோது அலுவலகத்தில் உள்ளவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது மேசையில்தான் கிடக்கும்.

இனி வேலியை அருகே போய்ப் பார்ப்போம். இந்த முடிவில் பாதி அங்கேதான் இருக்கிறது. புல்வெளித் தீ வேகமாகக் கடந்து போய்விடும். அது கடந்த இடத்தில் டி வடிவ இரும்புக் கம்பங்கள் நின்ற நிலையிலேயே நிற்கும்; முள்கம்பியும் ஐந்து வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சாலையிலிருந்து பார்ப்பவர் வேலி தப்பித்தது என்றே நினைப்பார். ஆனால் வெப்பத்தில் கம்பியின் துத்தநாகப் பூச்சு போயிருக்கும். அடுத்த மழையிலேயே துரு ஏறும். முன்பிருந்த இழுவிசையும் இராது. தளர்ந்ததை இறுக்க முயன்றால் முறுக்கு விழுந்த இடத்தில் அறுந்துவிடும். இதைவிட முக்கியம் மூலைக்கம்பம். கால் மைல் கம்பியின் இழுப்பு முழுவதையும் தாங்குவது மூலையில் ஊன்றிய மரக்கம்பமும் அதன் முட்டுக்கட்டையும்தான். மரம் தரைமட்டத்தில் எரியத் தொடங்கி, மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதி வரை கனன்று, வெளியே கருகிய தண்டு மட்டும் நிமிர்ந்து நிற்கும். கையால் தள்ளினால் சாய்ந்துவிடும்.

சேதத்தைப் பார்க்க வருபவர் எந்த நாளில் வருவார் என்பதும், அதற்குள் அந்தத் தண்டு காற்றில் விழுந்திருக்குமா என்பதும் யார் கையிலும் இல்லை. எனவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மூலைக்கம்பங்கள் ஒவ்வொன்றையும், கம்பி அறுந்த முனைகளையும், தேதியும் இடமும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது முதல் வேலை. இ.சி.பி., கடன், இழப்பீடு ஆகிய மூன்றுமே கேட்கும் சான்று இதுதான்.

நான்காம் வழியான 'உடனே தொடங்குவது' இங்கேதான் மற்றவற்றோடு மோதுகிறது. இ.சி.பி.யில் விண்ணப்பித்து, சேதம் பார்க்கப்பட்டு, சுற்றுச்சூழல் சார்ந்த சரிபார்ப்பு முடிந்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்பது பொது விதி. அவசர நிலைகளில் தளர்வுகள் அறிவிக்கப்படுவது உண்டு. ஆனால் தளர்வு இருக்கும் என்று அண்டை வீட்டார் சொன்னதை நம்பிக் குழி தோண்டிவிட்டு, பிறகு அந்த மைலுக்கு மட்டும் உதவி இல்லை என்று கேட்க நேர்வது கசப்பானது. பண்ணைச் சேவை முகமையின் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குவதற்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளைச் செலவழிக்கலாம்.

எல்லா வேலியும் காத்திருக்காது என்பதும் உண்மை. டெக்சஸ் சட்டப்படி, தெரிந்தே கால்நடையை நெடுஞ்சாலையில் திரியவிடக் கூடாது. பிழைத்த மாடுகள் நிற்கும் நிலம் சாலையை ஒட்டியிருந்தால், அந்தப் பக்க வேலியை எந்தத் திட்டத்துக்காகவும் ஒத்திப்போட முடியாது. நன்கொடையாக வந்த பொருளுக்கு ஏற்ற இடம் இதுவே. தீக்குப் பின் பல மாநிலங்களிலிருந்து வைக்கோலும் வேலிப் பொருள்களும் லாரிகளில் வந்தன. டெக்சஸ் வேளாண் துறை நடத்தும் ஸ்டார் நிதியம், வரிப்பணம் கலக்காமல் தனியார் நன்கொடையில் மட்டுமே இயங்குவது. இலவசமாக வந்த கம்பியை இ.சி.பி.யில் செலவாகக் காட்டுவதற்கு வழியில்லை. அதனால் அதைத் திட்டத்துக்கு வெளியே நிற்கும் சாலைப்பக்க வேலிக்கு ஒதுக்கினால் இரண்டு கணக்குகளும் கலக்காமல் இருக்கும்.

உட்புற வேலியின் நிலை வேறு. தீயில் வெந்த புல் மழை வந்தால் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஆனால் மீண்டு வரும் வரை மாட்டை விடாமல், பொதுவாக ஒரு வளர்பருவமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்றுதான் புல்வெளி வல்லுநர்கள் சொல்கிறார்கள். மாடே போகக்கூடாத நிலத்தைத் துண்டுபோடும் வேலிக்கு இன்று கடன் வாங்குவதில் பொருளில்லை. இ.சி.பி.யின் தாமதம் பெருங்குறை என்று பேசப்படுகிறதல்லவா, உட்புற வேலியைப் பொறுத்தவரை அது குறையே அல்ல. நிலமும் அதே காலம் ஓய்வில்தான் இருக்கிறது. மேலும், தாத்தா காலத்தில் போட்ட இடத்திலேயே வேலியை மீண்டும் போட வேண்டுமா, தண்ணீர்த்தொட்டி இருக்கும் இடத்துக்கு ஏற்ப மாற்றுவது நல்லதா என்று யோசிக்க இது வாய்ப்பு. இடம் மாற்றுவதாக இருந்தால், இருந்ததை மீட்கும் திட்டமான இ.சி.பி.யைவிட, வேளாண் துறையின் இன்னொரு பிரிவான இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை நடத்தும், நிலத்தை மேம்படுத்தும் பணிகளுக்கு உதவும் ஈக்விப் என்ற திட்டம் பொருத்தமாக இருக்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலை தொடங்கக் கூடாது என்பது அங்கேயும் விதி. அதே சேவை நடத்தும் அவசரகால நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டத்தையும் சிலர் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது ஊராட்சி, கவுண்டி போன்ற அமைப்பு முன்னின்று கேட்க வேண்டியது. தனிப் பண்ணை வேலிக்கு உதவாது.

பேரிடர்க் கடனுக்கு வருவோம். இதையும் பண்ணைச் சேவை முகமையே தருகிறது. 2024இல் வட்டி 3.75 விழுக்காடு, உச்சவரம்பு 5 லட்சம் டாலர், பேரிடர் அறிவிப்பிலிருந்து எட்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெளியே கடன் கிடைக்காதவருக்குத்தான் இது என்பதால் வங்கியில் நல்ல பெயர் உள்ளவர் தகுதி பெறுவது கடினம். ஈடும் கேட்பார்கள். மேற்சொன்ன 1,20,000 டாலரை முழுதும் இக்கடனில் எடுத்து ஏழு ஆண்டில் அடைத்தால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 19,800 டாலர். மொத்த வட்டி 18,700 டாலரை நெருங்கும். நிலத்தோடு சேர்ந்த சொத்தின் சேதத்துக்கு முப்பது ஆண்டுத் தவணையும் உண்டு. ஆனால் முப்பது ஆண்டு நிற்காத ஒரு வேலிக்கு முப்பது ஆண்டு கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதே கடனை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். இ.சி.பி. தராத பங்கை, அதாவது 30,000 முதல் 48,000 டாலர் வரையிலான தொகையை மட்டும் இதில் எடுத்தால், 30,000க்கு ஆண்டுத் தவணை ஏறத்தாழ 4,950 டாலர்தான். கடன் தொகை உண்மை இழப்பிலிருந்து பிற பேரிடர் உதவிகளைக் கழித்தே கணக்கிடப்படுவதால், இரண்டையும் ஒரே அலுவலகத்தில் ஒரே நேரத்தில் பேசித் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மாடுகளைப் பெருமளவில் இழந்தவர் இக்கடனை வேலிக்குத் தீர்த்துவிடாமல் மந்தையை மீண்டும் சேர்ப்பதற்கென்று வைத்துக்கொள்வதே முறை. வேலிக்கு மானியம் தரும் திட்டம் ஒன்றாவது இருக்கிறது. இழப்பீட்டுக்கும் புதுப் பசுவின் விலைக்கும் உள்ள இடைவெளிக்கு எவரும் மானியம் தருவதில்லை.

இழப்பீடு கோரும் வழி, இந்தத் தீயில் வெறும் கற்பனையல்ல. 2024 மார்ச் 7 அன்று எக்ஸெல் எனர்ஜி என்ற மின் நிறுவனம், தீ மூண்டதில் தன் கட்டமைப்புகளுக்குத் தொடர்பு இருந்ததாகத் தோன்றுகிறது என்று அறிவித்தது. அதே வேளையில் தான் கவனக்குறைவாக இருந்ததாகச் சொல்வதை மறுத்தது. சொத்து, கால்நடை இழப்புக்கு மனுக்களைப் பெறும் ஏற்பாட்டையும் அது செய்தது. இவ்வழியின் கவர்ச்சி, 75 என்ற வரம்பு இல்லாதது. கோட்பாட்டில் முழு இழப்பையும், வேலி இல்லாததால் வேறிடத்தில் மேய்ச்சலுக்குக் கொடுத்த வாடகையையும்கூடக் கேட்கலாம். ஆனால் எப்போது கிடைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. வழக்கறிஞருக்கான பங்கும் போகும். சமரசத்தில் கையெழுத்திடும்போது பின்னால் தெரியவரும் இழப்புகளையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே இதைப் பின்னணியில் ஓடவிடலாமே தவிர, வேலிக்கு முதலாக நம்பக் கூடாது. ஒரே மைல் வேலிக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்கியதாக ஆகிவிடாதபடி, கோரிக்கை நிலுவையில் இருப்பதைக் கவுண்டி அலுவலகத்துக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும். இத்திட்டங்களில் யார் எவ்வளவு வாங்கினார் என்பது பொது ஆவணம் என்பதால், ஊரில் யாருக்கும் தெரியாது என்று எண்ணுவதிலும் பயனில்லை.

இ.சி.பி. விதிகளில் என்னை உறுத்தும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சேதம் வழக்கத்துக்கு மாறானதாகவும், அதே பகுதியில் அடிக்கடி நேராததாகவும் இருக்க வேண்டும் என்பது தகுதி நிபந்தனைகளில் ஒன்று. பான்ஹேண்டில் எனப்படும் இந்த வடகோடிப் பகுதியில் 2006 மார்ச்சில் கிழக்கு அமரில்லோ தீத்தொகுதி 9 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது, 2017 மார்ச்சில் பெரிட்டன் தீ 3 லட்சத்து 18 ஆயிரம் ஏக்கரை எரித்தது, பிறகு 2024. பதினெட்டு ஆண்டில் மூன்று பெருந்தீக்கள் வந்த பகுதியில் 'அடிக்கடி நேராதது' என்பதன் பொருள் என்ன? மூன்றும் ஒரே இடத்தை எரித்தவை அல்ல என்று இப்போதைக்கு விடை சொல்லலாம். அடுத்த முறையும் அதே விடை செல்லும் என்று உறுதியில்லை. அதனால் இப்போது போடும் வேலியில் மூலைக்கம்பங்களை மட்டுமாவது மரத்துக்குப் பதில் இரும்புக் குழாயில் போடுவது அறிவுடைமை. பழைய தரத்துக்கு மேற்பட்ட கூடுதல் செலவு பண்ணையாளரின் பங்காகவே முடியக்கூடும். எட்டு மைலுக்கு மூலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அது தாங்கமுடியாத தொகையாக இருக்காது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, நான்கு வழிகளுள் ஒன்றைத் தேர்வது என்று தொடங்கிய கேள்வியே சற்றுத் தவறாகத் தெரிகிறது. தேர்வு செய்ய வேண்டியது பண்ணைக்கு அல்ல, மைலுக்கு. சாலையோர மைல்களுக்கு நன்கொடைப் பொருளும் கைப்பணமும். அண்டைப் பண்ணையோடு பொதுவான எல்லை மைல்களுக்கு இ.சி.பி.யும், மீதிப் பங்குக்குக் கடனும். உட்புற மைல்களுக்கு முதல் ஆண்டில் ஒன்றும் வேண்டாம், விண்ணப்பத்தில் சேதமாக மட்டும் பதிவு செய்தால் போதும். பொது எல்லையில் எந்தப் பகுதி யார் பொறுப்பு என்பது பெரும்பாலும் வாய்மொழி வழக்கமாகவே இருந்துவருகிறது. இரு தரப்பும் ஒரே பகுதியைத் தம் விண்ணப்பத்தில் எழுதிவிட்டால் இரண்டு விண்ணப்பங்களுமே முடங்கிவிடும். ஒரு மாலை உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டு இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு விதிவிலக்கு குத்தகைக்காரர். எல்லை வேலிக்குத் தம் பணத்தைப் போடுபவர் அவராக இருந்து, குத்தகைக் காலம் இரண்டு ஆண்டுகளில் முடிவதாக இருந்தால், மானியம் எவ்வளவு கிடைத்தாலும் அது நிலக்காரரின் சொத்தாகவே நிற்கும். நிலத்தில் பங்குள்ள, செலவில் பங்கேற்கும் குத்தகைக்காரரும் இ.சி.பி.க்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அப்படி விண்ணப்பிக்கும் முன் குத்தகையை நீட்டித்து எழுதி வாங்கிவிட வேண்டும், அல்லது தம் பங்குச் செலவை வருங்கால வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்புதல் பெற வேண்டும். இரண்டும் முடியாதென்றால், பிழைத்த மாடுகளுக்கு வேறிடத்தில் புல் பிடித்துக்கொண்டு, வேலியை நிலக்காரரிடமே விட்டுவிடுவது மலிவு.

விண்ணப்பக் காலம் கவுண்டிதோறும் தனித்தனியாக அறிவிக்கப்படும். உள்ளூர்ப் பண்ணையாளர்களே தேர்ந்தெடுத்த கவுண்டிக் குழுதான் அதைக் கோரி நடத்துகிறது; ஆகவே பக்கத்துக் கவுண்டியில் நிலம் நீண்டிருந்தால் அங்கே கடைசித் தேதி வேறாக இருக்கலாம். விண்ணப்பிக்கும் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் எந்த மைலில் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், எத்தனை கம்பம், எத்தனை சுருள் கம்பி, எந்த ரசீது என்று எழுதி வர வேண்டும். சொந்த உழைப்பும் சொந்த டிராக்டரும் செலவாக ஏற்கப்படுமா, எந்த விகிதத்தில் என்று அப்போதே கேட்டு, அதையும் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.